குப்புசாமி எங்கே போனார், சுரேஷ் எப்படி வந்தார்?

கேள்வி இதுதான்: 1930 முதல் 1990 வரை தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர்களை அதிகம் வைத்தார்கள்? தாத்தா தலைமுறையின் குப்புசாமியும் ராஜம்மாளும் ஒரேயடியாகக் காணாமல் போய் சுரேஷும் கவிதாவும் வந்தது எப்படி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆண்டு எந்தப் பெயர் முதலிடம் என்று என்னால் வரிசை போட முடியாது. அமெரிக்காவில் 1880-இலிருந்து ஆண்டுவாரியாகப் பெயர்ப் பட்டியல் கிடைக்கிறது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், பழைய பதிவுகளில் பெரும்பாலும் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். அப்பா பெயர் இருக்கும், ஊர் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்காது. பலருடைய பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாம் வகுப்பில் சேரும் அன்று தலைமையாசிரியர் எழுதியதுதான். மே, ஜூனில் பிறந்தவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருப்பதன் ரகசியம் அதுதான்.

அதனால் நம்பக்கூடியவை மூன்று: பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை. வாக்காளர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே வயதும் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கின்றன. ஒரு வார்டின் பட்டியலை வயதுவாரியாக அடுக்கினால் எந்தப் பெயர் எப்போது எழுந்து எப்போது விழுந்தது என்று தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை இன்னும் வசதி. தாத்தா, அப்பா, மாப்பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஒரே அட்டையில். கந்தசாமியின் பேரனும் முருகேசனின் மகனுமான செந்தில்குமார் என்று படிக்கும்போது எழுபது வருஷம் கண்முன் ஓடும். கவனித்தால், மூன்று பேரும் ஒரே சாமிதான். சாமி மாறவில்லை, கூப்பிடும் விதம்தான் மாறியிருக்கிறது. அதே முருகன் 1980-களில் கார்த்திக் ஆனார். பிள்ளையாரும் அப்படித்தான்: கணபதி, கணேசன், கணேஷ், அப்புறம் விக்னேஷ்.

என் கணக்கில், இந்த அறுபது ஆண்டுகளில் உண்மையில் கைமாறியது பெயர் வைக்கும் உரிமை. பெயர்கள் அதன் பின்னால் போயின.

பழைய ஏற்பாட்டில் பெற்றவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், பெண்களுக்குப் பாட்டிகள் பெயர். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே, பெயரைச் சுமப்பவன். இந்த முறை இருக்கும்வரை 'இந்த வருஷம் பிரபலமான பெயர்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு குடும்பத்தில் நான்கைந்து பெயர்கள், அவையே தலைமுறைக்குத் தலைமுறை சுற்றி வரும். இதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் என்றால் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் தம்பி, ராசு, பாப்பா, துரை என்று ஒரு வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். சில வீட்டுப் பெயர்கள் அப்படியே பள்ளிக்கூடத்திலும் ஏறிவிடும். காமராஜர் கதை கிட்டத்தட்ட அதுதான். 1903-இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்துக் காமாட்சி என்று வைத்தார்கள். அம்மா ராஜா என்று கூப்பிட்டார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது.

குடும்பத்துக்குள் பெயர் சுற்றியது என்றால், அந்தப் பெயர் முதலில் வந்தது கோயிலிலிருந்து. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்துப் பெயரை வைத்து ஆளின் ஊரைச் சொல்லிவிடலாம். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரநாராயணன் என்றால் சங்கரன்கோவில் பக்கம். சொக்கலிங்கம், மீனாட்சிசுந்தரம் மதுரை. அருணாசலம், உண்ணாமலை என்றால் திருவண்ணாமலை. தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை, ஆற்றைத் தாண்டினால் ரங்கநாதன், ரங்கநாயகி. வைத்தியநாதன், தையல்நாயகி, முத்துக்குமாரசாமி மூவரும் வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள். ஏகாம்பரம் காஞ்சிபுரம், கற்பகம் மயிலாப்பூர். பெரிய கோயிலை விட்டுக் கிராமத்துக் காவல் தெய்வத்திடம் வந்தால் தெற்கே சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து. மதுரை, தேனிப் பக்கம் கருப்பையா, பாண்டி, விருமாண்டி. நூறு வருஷத்துக்கு முன் பிறந்த ஒருவரின் பெயரில் தாலுகாவே எழுதியிருக்கும் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. சுரேஷ் என்றால் எந்த ஊர்? நாகர்கோவிலாகவும் இருக்கலாம், நாக்பூராகவும் இருக்கலாம்.

கேள்வியில் வந்த குப்புசாமிக்குத் தனிக் கதை உண்டு. பிறந்த பிள்ளைகள் தங்காமல் இறந்துகொண்டிருந்த வீட்டில், அடுத்து பிறந்ததைக் குப்பையில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று வைப்பார்கள். வேறொருவர் மடியில் போட்டுப் பிச்சையாகத் திரும்ப வாங்கினால் பிச்சை, பிச்சையம்மாள், பிச்சைமுத்து. மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள். வேண்டாத பொருள் என்று எமனை ஏமாற்றும் ஏற்பாடு. குப்பம்மாள் என்ற பாட்டியைப் பார்த்தால் நான் சிரிப்பதில்லை. அவருக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் போயிருக்கலாம். இந்தப் பெயர்கள் மறைந்ததற்கு நாகரிகம் ஒரு காரணம் என்றால், தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும் அதைவிடப் பெரிய காரணம். பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு அவலட்சணப் பெயர் எதற்கு?

இதற்கு நேர்மாறாக, பெண் பிறந்துகொண்டே இருக்கிறது, நிற்கவேண்டும் என்று வைத்த பெயர்களும் உண்டு. போதும்பொண்ணு எல்லோருக்கும் தெரியும். சில பள்ளிப் பதிவேடுகளில் 'வேண்டாம்' என்றே பெயர் இருந்திருக்கிறது. சில வீடுகளில் இதையே நாசூக்காகச் செய்தார்கள்: மங்களம், சம்பூர்ணம். கச்சேரி முடிவில் பாடுவது மங்களம், முடிந்தது என்பது சம்பூர்ணம். அழகான பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மங்களம் பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று நான் வருந்தியதுண்டு.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. எந்தப் பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதிலும் ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. 'சாமி', 'அப்பன்' என்று முடியும் மரியாதைப் பெயரை ஒடுக்கப்பட்டவர் வைத்தால், பண்ணையார் அதை வெட்டித்தான் கூப்பிடுவார். ராமசாமி ராமன் ஆவார், முனுசாமி முனியன் ஆவார், பதிவேட்டிலும் அப்படியே ஏறும். 'அன்' விகுதிக்கும் 'சாமி' விகுதிக்கும் நடுவில் அவ்வளவு பெரிய சுவர் இருந்தது. அதனால் அந்தக் குடும்பங்களில் பெயர் மாற்றம் என்பதை வெறும் நாகரிக ஆசை என்று எழுதிவிட முடியாது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் காத்தவராயனாகப் பிறந்து தன் ஆசிரியரின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். பின்னாளில் ரமேஷ், சுரேஷ் போன்ற பெயர்கள் வேகமாகப் பரவியதற்கு நான் ஒரு காரணமாக நினைப்பது இதுதான்: அந்தப் பெயரைக் கேட்டால் ஆள் எந்தத் தெரு என்று தெரியாது. மேற்கொண்டு, 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயரின் வாலில் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பிள்ளை, முதலியார், நாயக்கர் எல்லாம் மெல்ல மெல்லக் கழன்று, தமிழ்நாட்டுக்காரன் என்றால் இனிஷியல் மட்டும் என்று ஆனது. வடக்கே போய் 'சர்நேம்' என்ன என்று கேட்டால் நாம் திருதிருவென்று விழிப்பது அதனால்தான்.

சரி, அடுத்த கை: மேடைப் பேச்சாளர்கள்.

வடசொல் கலக்காமல் எழுதவேண்டும் என்ற தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது. அதன் முன்னோடியான தமிழறிஞர் வேதாசலம் மறைமலை (அடிகள்) ஆனார். தன் பெயரோடு நிறுத்தாமல் பிள்ளைகளின் பெயர்களையும் மொழிபெயர்த்தார். திருஞானசம்பந்தன் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இவற்றில் மணிமொழியை மட்டும் ஊர் ஏற்றுக்கொண்டது. அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் பரவவில்லை. மொழிபெயர்த்த பெயருக்கும் தமிழிலேயே பிறந்த பெயருக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம்கூட இந்த அலையில் கொஞ்ச காலம் உயிரின்பன் என்று இருந்துவிட்டு ஜீவானந்தத்துக்கே திரும்பினார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து என்பது தனி.

உண்மையில் வேகம் பிடித்தது 1940-களில், திராவிட இயக்கத்து இளைஞர்கள் சங்க இலக்கியத்துக்குள் புகுந்தபோது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், அவர் தம்பி சீனிவாசன் செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பெரியவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள், தொண்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இளங்கோவன், செழியன், பாரி, அறிவழகன், வெற்றிச்செல்வன், தமிழ்ச்செல்வி, தேன்மொழி, கயல்விழி, மலர்விழி, பூங்கொடி, மணிமேகலை, கண்ணகி. 1967-இல் ஆட்சி மாறியதும், 1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்து மெரினாவில் கண்ணகி சிலை எழுந்ததும், 1969-இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனதும் இந்தப் பெயர்களுக்கு ஒரு பெருமிதத்தைக் கொடுத்தன. கூட்டத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவரிடம் நீட்டி, 'ஐயா, பேர் வையுங்க' என்று கேட்பது அப்போது சாதாரணக் காட்சி. தாத்தா இருந்த இடத்தில் தலைவர் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன்பே, 1932-இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றுகூடப் பெயர் வைத்திருக்கிறார்.

இந்தக் காலத்தின் எல்லா அடுக்கையும் ஒரே வீட்டில் பார்க்கவேண்டும் என்றால் மு. கருணாநிதியின் பிள்ளைகளைப் பாருங்கள். மூத்தவர் முத்து, 1948-இல் பிறந்தவர். தாத்தா முத்துவேலின் பெயர், அதாவது பழைய முறை. அடுத்தவர் அழகிரி, இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் நினைவாக. 1953 மார்ச் 1 அன்று பிறந்தவருக்கு, நான்கு நாள் கழித்து மறைந்த சோவியத் தலைவரின் பெயர். அப்புறம் தமிழரசு. 1968-இல் கனிமொழி. இருபது வருஷத்தில் குடும்பம், கட்சி, உலகம், மொழி என்று பெயர்கள் நகர்ந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் கருணாநிதி என்ற பெயர் தமிழ்ப் பெயர் இல்லை. ராமச்சந்திரனும் ஜெயலலிதாவும்கூட இல்லை. தமிழ்ப் பெயர் அலையைக் கிளப்பிய காலத்தின் பெரிய தலைவர்கள் பலர் வடமொழிப் பெயரோடுதான் ஆண்டார்கள்.

தேசிய இயக்கத்து வீடுகளிலும் இதே பழக்கம் இருந்தது. கஸ்தூரி, கமலா, இந்திரா, ஜவஹர், சந்திரபோஸ் என்று அந்தப் பக்கம் ஒரு வரிசை. இடதுசாரி வீடுகளில் லெனின், ஜீவா.

கதைகளுக்கும் பங்கு உண்டு. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பிறகு அருள்மொழியும் வானதியும் பூங்குழலியும் வீடுகளுக்குள் வந்தார்கள். குந்தவை அந்த அளவுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், வாயில் உருட்டிப் பாருங்கள், தெரியும்.

சினிமாவைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 'நடிகர் பெயரைத்தானே எல்லோரும் வைத்தார்கள்' என்பார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் சினிமாக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர்களே ஏற்கெனவே காற்றில் இருந்த பெயர்கள்தான். சினிமா விதைத்ததைவிட, முளைத்ததற்குத் தண்ணீர் ஊற்றியதுதான் அதிகம். முரளி என்ற இளைஞர் 1981-இல் திரைக்கு வந்தபோது கார்த்திக் என்று பெயர் கொடுத்தார்கள் என்றால், அது அப்போது புதுசாக, இளமையாக ஒலித்ததால்தானே? ரஜினிகாந்த் என்ற பெயரை எத்தனை வகுப்பறைகளில் கேட்டிருக்கிறீர்கள்? என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. ரமேஷ் மட்டும் மூன்று பேர், இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது அந்த ரமேஷ், சுரேஷ் காலத்துக்கு வரலாம். பெண்களிடம் மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. முதலில் 'அம்மாள்' உதிர்ந்தது. ராஜம்மாளின் மகள் ராஜேஸ்வரி, பத்மா, சரோஜா, லலிதா, வசந்தா, சுசீலா. அவர்களின் மகள்கள் உமா, கீதா, லதா, உஷா, சுமதி, கவிதா. 1980-களில் பிரியா, தீபா, வித்யா, காயத்ரி, திவ்யா, ரம்யா, நித்யா. அசைகளை எண்ணிப் பாருங்கள், பாட்டி காலத்து நான்கும் ஐந்தும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிட்டன. பையன்களில் கோவிந்தராஜுலு, கிருஷ்ணமூர்த்தி எல்லாம் போய் ரவி, பாபு, சேகர், குமார். அப்புறம் 'ஷ்' வரிசை: ரமேஷ், சுரேஷ், மகேஷ், ராஜேஷ், தினேஷ், சதீஷ். தமிழ் எழுத்தில் இல்லாத ஒலிக்குக் கிரந்த எழுத்தைக் கடன் வாங்கித்தான் எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு மேடையில் உச்ச மரியாதை இருந்த அதே 1960, 70-களில் வீட்டுக்குள் 'ஷ்' கொடிகட்டிப் பறந்தது. (சைவ வீடுகளிலும் ரமேஷ் ஏராளம். ஈஸ்வரன் என்ற நினைப்பில் வைத்திருப்பார்கள் போல. ரமாவின் ஈசன் என்றால் அவர் திருமால்.)

ஏன் இப்படி? மாற்றல் உத்தியோகம், வடக்கே வேலை, பள்ளியில் ஆங்கிலத்தில் பெயர் எழுத வேண்டியது எல்லாம் காரணம்தான். ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஆறு பிள்ளைகள் பிறக்கிற வீட்டில் நான்கு தாத்தா பாட்டிகளுக்கும் இடம் கொடுத்தபின் இரண்டு பெயர் மிச்சம் இருக்கும். குடும்பக் கட்டுப்பாடு வந்து பிள்ளைகள் இரண்டானபோது கணக்கு இடித்தது. ஒரே பையனுக்கு எந்தத் தாத்தா பெயர்? அப்பா வழிப் பெயரை வைத்தால் அம்மா வீட்டில் முகம் சுளிப்பார்கள், மாற்றி வைத்தால் இங்கே பேச்சு நின்றுவிடும். யாருடைய பெயரும் இல்லாத சுரேஷ் எல்லோருக்கும் சமாதானம். 1990-களின் முற்பகுதியில் தமிழ்நாடு ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டது. தாத்தா பெயர்கள் பதிவேட்டிலிருந்து இறங்கியதும் குடும்பம் சிறுத்ததும் ஒரே காலத்தில் நடந்தவை.

கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளிலும் இதே ஓட்டம்தான், பெயர்கள்தான் வேறு. கத்தோலிக்கர்கள் புனிதர்களைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள்: பேதுருவுக்கு ராயப்பன், பவுலுக்குச் சின்னப்பன், யோவானுக்கு அருளப்பன், யோசேப்புக்குச் சூசை. வேளாங்கண்ணியால் ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வந்தார்கள். அவர்களின் பேரன்கள் பீட்டர், பால், ஜான், ஜோசப் ஆனார்கள். ஆள் அதே ஆள், உச்சரிப்பு மட்டும் கப்பலேறிப் போய்த் திரும்பியது. முஸ்லிம்களிடம் நாகூர் தர்கா ஒரு பெரிய ஊற்று. ஷாகுல் ஹமீது, நாகூர் மீரான், நாகூர் கனி என்ற பெயர்களில், நெல்லையப்பன் போலவே, ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தலைமுறையில் அந்த ஊர் வாசனை குறைந்து, எந்த நாட்டிலும் செல்லும் அரபிப் பெயர்கள் கூடின.

கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் ஜோசியரும் எண் கணிதக்காரரும். நட்சத்திர பாதத்துக்கு ஏற்ற எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பார்கள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா. அந்த எழுத்துக்கட்டு வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு 'ங' என்று இருக்கும். 'ங'வில் தொடங்கும் பெயரை இதுவரை எந்த ஜோசியரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த எழுத்துக் கணக்கோடு ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் எண் கணக்கும் சேர்ந்தபோது, பழைய பெயர்க் கூடையே போதாமல் போய், புத்தகத்தைப் பார்த்துப் பெயர் தேடும் காலம் வந்தது.

கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் பாக்கி. குப்புசாமி காணாமல் போய்விட்டார் என்பது சரியில்லை. பதிவேட்டில்தான் போய்விட்டார். 1970-களில் பிறந்த பல சுரேஷ்களின் ஜாதக நோட்டைத் திறந்து பார்த்தால் வேறு பெயர் இருக்கும். பெயர் சூட்டும் அன்று காதில் மூன்று முறை சொன்னது அந்தப் பெயரைத்தான். குலதெய்வக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பூசாரி பெயர் கேட்கும்போது, சுரேஷ் என்று சொல்ல வாயெடுத்த மகனை முந்திக்கொண்டு அம்மா சொல்வார்: 'குப்புசாமி, அசுவினி நட்சத்திரம்.'